வறண்ட வீடும் வியர்க்கும் யன்னலும்
ஈரமூட்டி வாங்குமுன் எம்மவர் அறியவேண்டியவை

தை மாதத்து விடியற்காலை. வெளியே மைனஸ் 20 பாகைக் குளிர். பிள்ளையைப் பாடசாலைக்கு எழுப்பச் சென்ற தாய் தலையணை உறையில் இரத்தப் பொட்டுகளைக் கண்டு திகைத்துப் போகிறார். பிள்ளைக்குக் காய்ச்சலில்லை, அடிபடவுமில்லை. இரவு முழுவதும் வறண்ட காற்றைச் சுவாசித்த மூக்கின் உட்சவ்வு வெடித்து இரத்தம் கசிந்திருக்கிறது. உதடுகளும் குதிக்கால்களும் வெடித்திருக்கின்றன. கதவுக் குமிழைத் தொட்டால் சுள்ளென்று மின் பொறிக்கிறது. மொன்றியல் நகரில் ஒரு குளிர்காலத்தையேனும் கழித்த குடும்பங்களுக்கு இவை புதியனவல்ல.

இந்நிலையில் உறவினர் ஒருவர், "ஈரமூட்டி ஒன்று வாங்கிப் பூட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். கடைக்காரரும் அதையே சொல்கிறார். அதே வேளையில் அடுத்த தெருவிலுள்ள இன்னொரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டிலோ யன்னல் கண்ணாடிகளில் நீர் வழிகிறது. படுக்கையறை மூலையில் கரிய பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. பிள்ளை இரவிரவாக இருமுகிறது. அக்குடும்பமும் ஈரமூட்டி வாங்கினால் என்னவாகும்? மருந்தென்று எண்ணி நோயையே விலை கொடுத்து வாங்கியதாகும்.

ஒரே நகரத்தில் ஒரே குளிரில் ஒரு வீடு வறள்வதும் மற்றொரு வீடு வியர்ப்பதும் ஏன்? இதனை விளங்கிக்கொண்டால் எந்த வீட்டுக்கு ஈரமூட்டி தேவை, எந்த வீட்டுக்குத் தேவையில்லை என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

காற்று ஏன் வறள்கிறது?

ஊரில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்றவர்களுக்குச் சாரீரப்பதன், பனிபடுநிலை என்ற சொற்கள் நினைவிருக்கும். சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று மிகச் சிறிதளவையே தாங்கும். காற்று தாங்கக்கூடிய முழு அளவில் எத்தனை வீதம் நீராவி உண்மையில் இருக்கிறதோ அதுவே சாரீரப்பதன்.

யாழ்ப்பாணத்தில் 30 பாகை வெப்பத்தில், 75 வீதச் சாரீரப்பதனில், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். மொன்றியலில் மைனஸ் 20 பாகையில் அதே அளவு காற்றினால் ஏறத்தாழ ஒரு கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்க முடியாது. இந்தக் காற்று கதவிடுக்கு, யன்னலிடுக்கு வழியாக வீட்டினுள் புகுந்து 21 பாகைக்குச் சூடாகின்றது. அந்த வெப்பநிலையில் காற்று ஏறத்தாழ 18 கிராம் தாங்கும். ஆனால் இருப்பதோ ஒரு கிராம். எனவே அதன் சாரீரப்பதன் 5 அல்லது 6 வீதத்துக்கு இறங்கிவிடுகிறது. வீட்டில் மனிதர் வாழ்வதாலும் சமைப்பதாலும் குளிப்பதாலும் மட்டுமே அது 15, 20, 30 வீதமென்று உயர்கிறது.

"மின் ஹீற்றர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது" என்று பலர் நம்புகின்றனர். இது சரியன்று. எந்த ஹீற்றரும் காற்றிலிருந்து நீரை எடுப்பதில்லை. வெளிக்காற்று எவ்வளவு வேகமாக உள்ளே புகுகிறதோ அவ்வளவுக்கு வீடு வறள்கிறது. வீட்டை 24 பாகைக்குச் சூடாக்கினால் அதே ஈரம் இன்னும் குறைந்த வீதமாகத் தோன்றும். ஆகவே வறட்சியின் முதற் காரணம் ஹீற்றர் அல்ல, இடுக்குகளே.

ஒரு குடும்பம் தரும் ஈரம்

வளர்ந்த ஒருவர் மூச்சினாலும் வியர்வையாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் நீரைக் காற்றில் கலக்கிறார். அதனோடு எமது சமையலையும் சேர்த்துப் பாருங்கள். சோறு வடிக்கும் பானை, புட்டுக்குழல், இடியப்பத் தட்டு, கொதிக்கும் குழம்பு, இடையிடையே தேநீர். குளியலறை நீராவி வேறு. உடுப்புத் தோய்த்து வீட்டினுள்ளேயே கொடியில் உலர்த்தினால் ஒரு தடவைக்கே இரண்டு லீற்றருக்கு மேல் காற்றில் சேரும்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். பார்க் எக்ஸ்ரென்ஷனில் அல்லது கோட் டெ நெய்ஜில் 70 சதுர மீற்றர் கொண்ட ஒரு நாலரை. அதனுள் ஐந்து பேர். யன்னல்கள் ஓரளவு இறுக்கமானவை. மணித்தியாலத்துக்கு வீட்டுக் காற்றில் பத்தில் மூன்று பங்கு வெளிக்காற்றாக மாறுகிறதென்று கொள்வோம். மைனஸ் 15 பாகைக் குளிரில் அந்த வீட்டை 30 வீத ஈரத்தில் வைத்திருக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை லீற்றர் நீராவி போதும். ஐவரின் மூச்சும் சமையலும் குளியலும் சேர்ந்தால் அதற்கு மேலேயே வந்துவிடும். அந்த வீட்டுக்கு ஈரமூட்டி எதற்கு? அங்கே தேவைப்படுவது சமையலறை விசிறியே.

இன்னொரு குடும்பம் வாடகைக் குடியிருப்பிலிருந்து வெளியேறி, பலவருட உழைப்பின் பயனாகப் புறநகரில் ஒரு பழைய தனிவீடு வாங்கியிருக்கிறது. நிலக்கீழ் அறையோடு 200 சதுர மீற்றர். நால்வரே குடியிருக்கின்றனர், பகலில் வீட்டில் எவருமில்லை. பழைய கதவுகள் வழியாக மணித்தியாலத்துக்குப் பாதிப் பங்கு காற்று மாறுகிறது. அதே குளிரில் அதே 30 வீத ஈரத்துக்கு அந்த வீட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 லீற்றர் வேண்டும். குடும்பம் தருவது எட்டு லீற்றரென்று கொண்டால் பற்றாக்குறை 18 லீற்றர். இவ்வீடுதான் வறள்கிறது. மூக்கில் இரத்தம் வடிவதும் இங்கேதான்.

ஆனால் அந்த வீட்டின் இடுக்குகளை அடைத்து, காற்று மாறும் வேகத்தை நாலரையின் அளவுக்குக் குறைத்தால் தேவை ஏறத்தாழ 15 லீற்றராக இறங்கும். பற்றாக்குறை பாதிக்கும் கீழே போய்விடும். கதவோர இறப்பர்ப் பட்டிக்கும் யன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்ரிக் தாளுக்கும் ஆகும் செலவு ஈரமூட்டியின் விலையில் சிறு பங்குதான். அதோடு வெப்பமூட்டும் செலவும் குறையும். எனவே முதலில் இடுக்கு, பிறகே இயந்திரம்.

முதலில் ஈரமானி

காய்ச்சல் எவ்வளவென்று தெரியாமல் மருந்து கொடுப்போமா? வீட்டின் ஈரத்தை அளக்காமல் ஈரமூட்டி வாங்குவதும் அத்தகையதே. ஈரமானியை இங்கு பிரெஞ்சில் இக்றோமெத்ர் என்பர். இரும்புச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். படுக்கையறையில் ஒன்று, சமையலறைக்கு அப்பால் ஒன்று என இரண்டு வைப்பது நல்லது. யன்னலருகிலோ ஹீற்றருக்கு மேலோ வைக்கக்கூடாது.

மலிவான கருவிகள் சில வீதம் பிழையாகக் காட்டலாம். அதைச் சோதிக்க வீட்டிலுள்ள கறியுப்பே போதும். ஒரு சிறு மூடியில் உப்பையிட்டு, கூழ்போல நனையுமளவுக்கு மட்டும் சில துளி நீர் விடுங்கள். அதனையும் ஈரமானியையும் ஒரு பிளாஸ்ரிக் பையினுள் வைத்து இறுகக் கட்டி ஓரிரவு விடுங்கள். உப்புக்கூழ் பையினுள்ளிருக்கும் காற்றை 75 வீதத்தில் நிறுத்தும். காலையில் கருவி 70 காட்டினால் அது ஐந்து குறைவாகக் காட்டுகிறதென்று அறிந்து, வாசிக்குந்தோறும் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கிழமைக்குக் காலையும் இரவும் அளவை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். வெளி வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள்.

எவ்வளவு ஈரம் போதும்?

கனடாவின் மத்திய சுகாதாரத் திணைக்களம் வீட்டு ஈரத்தைக் கோடையில் 50 வீதமளவிலும் குளிர்காலத்தில் 30 வீதமளவிலும் வைத்திருக்கும்படி கூறுகிறது. எமக்கு ஊரின் ஈரம் பழக்கமாதலால் 50, 60 வீதம் சுகமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே எல்லையை வகுப்பது எமது உடலன்று, யன்னல் கண்ணாடிதான்.

21 பாகை வெப்பமும் 50 வீத ஈரமுமுள்ள காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 10 பாகை. அதாவது வீட்டினுள் எந்தப் பரப்பு 10 பாகைக்குக் கீழே குளிர்கிறதோ அங்கே நீர் துளிர்க்கும். 30 வீத ஈரமாயின் பனிபடுநிலை ஏறத்தாழ 3 பாகைக்கு இறங்குகிறது. கடுங்குளிரில் இரட்டைக் கண்ணாடியின் ஓரங்கள் கூட 10 பாகைக்குக் கீழே போய்விடும். பழைய ஒற்றைக் கண்ணாடியில் பனியே உறையும். கண்ணாடியில் காணும் நீரை நாம் துடைத்துவிடலாம். சுவரினுள்ளும் கூரையடியிலும் சென்று உறையும் நீரை யார் துடைப்பது? அது மரத்தை உக்கச் செய்யும். இளவேனிலில் உருகிக் கூரைத்தட்டில் கறையாக இறங்கும்.

ஆகவே வெளிக்குளிர் கூடக் கூட வீட்டு ஈரத்தைக் குறைத்தல் வேண்டும். பொதுவான வழிகாட்டல் இதுவாகும்:

வெளியே மைனஸ் 10 பாகை வரையில்: 35 வீதமளவு.
மைனஸ் 10 முதல் மைனஸ் 20 வரை: 30 வீதமளவு.
மைனஸ் 20 முதல் மைனஸ் 30 வரை: 20 முதல் 25 வீதம்.
அதற்கும் கீழே: 15 வீதமளவு.

யன்னலின் அடியோரத்தில் சிறு ஈரக்கோடு காலையில் தோன்றி மதியத்தில் மறைந்தால் அச்சமில்லை. நாள் முழுவதும் நீர் வழிந்தால் ஈரம் மிகை, உடனே குறையுங்கள்.

உங்கள் வீட்டில் எவ்வகை வெப்பம்?

வீடு முழுவதற்குமான ஈரமூட்டி எல்லா வீடுகளுக்கும் பொருந்தாது. கடைக்குப் போகுமுன் உங்கள் வீடு எவ்வாறு சூடாகிறதென்று பாருங்கள்.

கியூபெக்கில் நீர்மின் மலிவானதால் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடாகின்றன. சுவரோரமாக நீண்டு கிடக்கும் பேஸ்போர்ட் ஹீற்றர்களே பல குடியிருப்புகளில் உள்ளன. பழைய கட்டடங்களில் சுடுநீர் ஓடும் இரும்பு றேடியேற்றர்களைக் காணலாம். இவ்விரண்டு வகையிலும் காற்றுக் குழாய்கள் கிடையா. ஆகவே வெப்பத்தோடு இணைக்கும் ஈரமூட்டியைப் பூட்ட இடமில்லை. இவ்வீடுகளில் தேவையேற்பட்டால் தனித்து நிற்கும் சிறு இயந்திரமே வழி.

நிலக்கீழ் அறையில் பர்னஸ் எனும் வெப்ப உலை இருந்து, அது சூடாக்கும் காற்றை விசிறியொன்று தகரக் குழாய்கள் மூலம் அறைதோறும் அனுப்பினால் மட்டுமே வீடு முழுவதற்குமான ஈரமூட்டி பொருந்தும். தரையிலோ சுவரடியிலோ கம்பி மூடியிட்ட காற்றுவாய்கள் இருந்தால் உங்கள் வீடு இவ்வகையென அறிந்துகொள்ளலாம். உலை மின்சாரத்தில் இயங்கினும் எரிவாயுவில் இயங்கினும் இதில் வேறுபாடில்லை.

நான்கு வகை இயந்திரங்கள்

முதலாவது, உருளை வகை. நீர்த்தொட்டியொன்றில் பஞ்சு சுற்றிய உருளை மெல்லச் சுழலும். பழைய வீடு வாங்கியவர்கள் தமது உலையருகே இதனைக் காணக்கூடும். தொட்டியில் நீர் தேங்கி நிற்பதால் பாசியும் கிருமியும் வளர இடமுண்டு. அடிக்கடி கழுவாவிடில் அவற்றையே வீடு முழுவதும் ஊதுவோம். பழையதொன்று அழுக்கேறிக் கிடந்தால் அகற்றுவதே மேல்.

இரண்டாவது, பக்கவழி வகை. சூடான காற்று செல்லும் குழாயையும் குளிர்ந்த காற்று உலைக்குத் திரும்பும் குழாயையும் இணைத்து ஒரு சிறு குழாய் பூட்டுவர். இடையே உலோகத்தாலான நீரேற்கும் தட்டு ஒன்று நிற்கும். அதன் மேல் நீர் வடிய, அதனூடே செல்லும் சூடான காற்று ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். எஞ்சிய நீர் வடிகாலுக்குப் போய்விடும். நீர் தேங்காததால் இது சுத்தமானது. பழுதாகும் உறுப்புகளும் குறைவு. சாதாரண வீடுகளுக்கு இதுவே போதுமானது.

மூன்றாவது, சொந்த விசிறியுடைய வகை. இதற்குப் பக்கவழிக் குழாய் தேவையில்லை. இட நெருக்கமுள்ள இடத்துக்கு ஏற்றது. சற்றுக் கூடுதலாக ஈரம் தரும்.

நான்காவது, நீராவி வகை. மின்சாரத்தால் நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் குழாயினுள் விடும். உலை சூடாக இல்லாதபோதும், விசிறி ஓடினால் இது வேலை செய்யும். வெப்ப விசையியக்கி எனும் ஹீற் பம்ப் பூட்டிய வீடுகளில் குழாய்க் காற்றின் சூடு குறைவாதலால் தட்டு வகைகள் போதிய ஈரம் தராமற் போகலாம். அங்கே நீராவி வகை பயன்படும். ஆனால் விலை அதிகம். தனி மின்னிணைப்பும் வேண்டும். கியூபெக்கில் மின்வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரே செய்யவேண்டும். "எங்கட பெடியன் ஒருவன் பூட்டித் தருவான்" என்று விட்டுவிடுவது தீ விபத்துக்கும் காப்புறுதிச் சிக்கலுக்கும் வழிவகுக்கும்.

எந்தளவு இயந்திரம் வேண்டுமென்பதை வீட்டின் பரப்பை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கலாகாது. இடுக்கு எவ்வளவு, ஆட்கள் எத்தனை பேர், சமையல் எவ்வளவு என்பவற்றையும் விற்பனையாளரிடம் சொல்லுங்கள். முன்னர் பார்த்த கணக்குப்படி, பெரிய பழைய வீட்டின் பற்றாக்குறையே 18 லீற்றர்தான். நாளொன்றுக்கு 45 முதல் 65 லீற்றர் வரை தரக்கூடிய பக்கவழி இயந்திரங்கள் சாதாரணமாக விற்கப்படுகின்றன. உலை தொடர்ந்து ஓடினாற்றான் அந்த முழு அளவு வரும் என்றாலும், இதைவிடப் பெரியது வேண்டுமென்று எவரேனும் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள்.

செலவைப் பற்றி ஓர் உண்மை

"ஈரம் இருந்தால் குறைந்த வெப்பமே போதும், மின்கட்டணம் மிச்சம்" என்று விளம்பரம் செய்வார்கள். ஈரமான காற்று சற்று வெதுவெதுப்பாகத் தோன்றுவது உண்மையே. ஆனால் நீர் ஆவியாவதற்கு மறைவெப்பம் தேவை. ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.7 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். நீராவி வகை அதை நேரே மின்சாரத்திலிருந்து எடுக்கும். தட்டு வகை உங்கள் உலையின் சூட்டிலிருந்து எடுக்கும். 18 லீற்றருக்கு நாளொன்றுக்கு 12 அலகுக்கு மேல் போகும். ஆகவே உடல்நலத்துக்காக வாங்குங்கள்; மிச்சம் பிடிக்கலாமென்று எண்ணி வாங்காதீர்கள்.

பூட்டியபின் பராமரிப்பு

ஈரக்கட்டுப்பாட்டுக் கருவியான ஹியூமிடிஸ்ராற்றை ஒருமுறை திருப்பிவிட்டு மறந்துவிடுவதே எம்மவர் பலர் செய்யும் தவறு. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதனை 50 இல் வைத்துவிட்டுக் குளிர்காலம் முழுவதும் தொடவில்லை. பங்குனியில் கூரைத்தட்டில் மஞ்சட் கறை படர்ந்தது. கூரை ஒழுகுகிறதென்று ஆளை அழைத்தார்கள். ஏறிப் பார்த்தபோது கூரை நன்றாகவே இருந்தது. கூரையடியில் உறைந்திருந்த வீட்டு ஈரமே உருகி இறங்கியிருந்தது. வெளிக்குளிரைத் தானே அறிந்து ஈரத்தைக் குறைக்கும் கருவிகளும் உண்டு. அதுவில்லாவிடில் வானிலை அறிவிப்பைக் கேட்டு நீங்களே திருப்புங்கள்.

நீரேற்கும் தட்டை ஆண்டுக்கொரு முறையேனும், குளிர்காலத் தொடக்கத்தில், மாற்றுங்கள். வடிகாற் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை பிறந்ததும் நீர்க்குழாயைப் பூட்டி, பக்கவழிக் குழாயிலுள்ள கதவையும் மூடுங்கள். மூடாவிடில் கோடையில் குளிரூட்டியின் காற்று வீணே சுற்றித் திரும்பும். காற்றுமாற்றி இயந்திரம் உள்ள புதிய வீடுகளில் அது வறண்ட வெளிக்காற்றை உள்ளே கொணர்வதால், ஈரமூட்டியைக் கூட்டுமுன் அதன் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆயினும் முற்றாக நிறுத்திவிடாதீர்கள்.

குடியிருப்புகளில் சிறு இயந்திரங்கள்

நாலரையில் வாழும் குடும்பமாயினும், ஈரமானி தொடர்ந்து 25 வீதத்துக்குக் கீழே காட்டி, பிள்ளைக்கு மூக்கில் இரத்தம் வடிந்தால் படுக்கையறைக்கு ஒரு சிறு இயந்திரம் வைக்கலாம். நனைந்த திரியினூடே விசிறி ஊதும் வகை நல்லது. மீயொலியால் புகைபோல நீர் தெளிக்கும் வகையில் குழாய்நீரை ஊற்றினால் நீரிலுள்ள உப்புகள் வெண்தூளாகத் தளபாடங்களிலும் மூச்சிலும் சேரும். அதற்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. எவ்வகையாயினும் நாள்தோறும் நீரைக் கொட்டிப் புதுநீர் ஊற்றவேண்டும். சில நாளுக்கொருமுறை உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும்.

தொட்டி நீரில் கிருமிகொல்லி எதனையும் கலந்து இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். தென்கொரியாவில் 1994 முதல் ஈரமூட்டித் தொட்டியில் கலப்பதற்கென்றே கிருமிகொல்லிகள் விற்கப்பட்டன. அவற்றின் ஆவி நுரையீரலைச் சிதைத்ததை 2011 இல்தான் கண்டறிந்து தடுத்தார்கள். அதற்குள் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் உட்படப் பலர் உயிரிழந்தனர். வேப்பெண்ணெய், யூக்கலிப்ரஸ் தைலம் முதலியவற்றையும் தொட்டியில் விடவேண்டாம்.

ஈரத்துக்கென்று அடுப்பில் பானை நீரைக் கொதிக்கவிட்டுத் தூங்கச் செல்வதும், பிள்ளையின் கட்டிலருகே சுடுநீர் ஆவிக் கருவி வைப்பதும் ஆபத்தானவை. கொதிநீர்க் காயம் ஒரு கணத்தில் நேர்ந்துவிடும்.

மூக்கில் இரத்தம் வடிந்தால் எம்மில் பலர் பிள்ளையின் தலையைப் பின்னே சாய்க்கிறோம். அது தவறு. பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்துச் சற்று முன்னே குனியச் செய்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அடங்காவிட்டால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். 811 என்ற இலக்கத்தை அழைத்தால் எந்நேரமும் தாதி ஒருவரின் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

வியர்க்கும் வீட்டில் வாழ்வோருக்கு

ஈரமானி 50, 60 வீதம் காட்டினால் செய்யவேண்டியது எதிர்மாறானது. சமைக்கும்போது விசிறியைப் போடுங்கள், பானையை மூடுங்கள். குளித்தபின் அரை மணிநேரம் விசிறி ஓடட்டும். உடுப்பை அறைக்குள் உலர்த்தாதீர்கள். கட்டிலையும் அலுமாரியையும் வெளிச்சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். 50 வீதத்துக்கு மேல் தூசிச் சிற்றுண்ணிகளும் பெருகும். தொய்வுள்ள பிள்ளைகளுக்கு இது கேடு.

இவ்வளவும் செய்தபின்னும் பூஞ்சணம் வளர்ந்தால்? "உங்கள் சமையல்தான் காரணம்" என்று வீட்டுச் சொந்தக்காரர் கூறுவதை எம்மவர் தலைகுனிந்து கேட்டுக்கொள்கின்றனர். இங்கேதான் நீங்கள் குறித்துவைத்த கொப்பி பேசும். ஈரம் 30, 35 வீதத்தில் நின்றும் ஒரே சுவர் நனைகிறதென்றால், குற்றம் பானையில் இல்லை; கூரை ஒழுக்கிலோ குழாய் வெடிப்பிலோ வெப்பக்காப்பில்லாத சுவரிலோ இருக்கக்கூடும். ஒளிப்படம் எடுங்கள். திகதியிட்டு வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அவர் அசையாவிடில் 311 இலக்கத்தை அழைத்து நகரசபைப் பரிசோதகரைக் கேட்கலாம். முன்னர் றெஜி டு லொஜ்மன் எனப்பட்டு, 2020 முதல் வேறு பெயரில் இயங்கும் வீடமைப்பு நியாயசபையில் வழக்கிடலாம். ஆனால் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். அது உங்களையே வெளியேற்ற வழிவகுக்கும். அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளதே என்று அஞ்சவும் வேண்டாம். குடியிருப்பதற்குத் தகுதியான வீட்டைக் கேட்பது வாடகை கொடுக்கும் ஒவ்வொருவரின் உரிமை.

வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற வீடு கட்டத் தெரிந்த மக்கள் நாம். முற்றமும் திண்ணையும் எங்கே வேண்டுமென்று எவரும் எமக்குச் சொல்லித்தரவில்லை. இந்தப் பனிநாட்டு வீட்டின் குணத்தையோ புதிதாகவே கற்கவேண்டியிருக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் ஒரு சிறு ஈரமானியையும் ஒரு கொப்பியையும் வாங்கி அதனைத் தொடங்குங்கள். ஒரு கிழமையின் பின் அக்கொப்பியைப் பார்த்து, வாங்கவேண்டியது ஈரமூட்டியா, விசிறியா, அல்லது கதவிடுக்குக்கு ஓர் இறப்பர்ப் பட்டியா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.